யாருக்கு ரிசர்வ்?

இங்கிலீஷில் எனக்கு அவ்வளவாகத் தேர்ச்சி கிடையாது. கல்லூரிக்குள் நுழைந்து இரண்டு வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவன் நான். ஆகவே இங்கிலீஷ் வார்த்தைகளை அகராதியில் கற்றதைவிட ரயிலிலும் பஸ்ஸிலும் ஆபீஸ் வராந்தாக்களிலும் கற்றதுதான் அதிகம். இப்படிக் கற்பதில் ஒரு சௌகரியம் உண்டு. அகராதிக்காரர் வார்த்தைக்கு அர்த்தம் சொல்வதோடு நின்றுவிடுவார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு மனிதர்கள் ஒருவரையொருவர் என்ன செய்கிறார்கள் என்பது ரயிலில் போனால்தான் தெரியும்.

இப்போது நான் சொல்ல வந்தது 'ரிசர்வ்' என்ற வார்த்தையைப் பற்றி. இங்கிலீஷே தெரியாது என்று சொல்கிறவருக்கும் இது தெரியும். ரயிலில் ரிசர்வ் உண்டு. எலெக்‌ஷனில் ரிசர்வ் தொகுதி உண்டு. காலேஜில் ரிசர்வ் சீட் உண்டு. போலீஸில் ரிசர்வ் போலீஸ் உண்டு. பழைய மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் தீர்ந்து வண்டி முக்கும்போது, குனிந்து ஒரு திருகைத் திருப்பினோமானால் 'ரிசர்வில்' ஐந்தாறு மைல் போய்ச் சேரலாம். யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையைப் பற்றி, "அவர் கொஞ்சம் ரிசர்வ்டு டைப்" என்று பெண் வீட்டார் சமாதானம் சொல்லிக் கொள்வார்கள். 1935ஆம் வருஷத்திலிருந்து நம் கரன்சி நோட்டுகளுக்கே சொந்தக்காரர் ரிசர்வ் பாங்க்தான்.

சில மாதங்களுக்கு முன்பு ஜவ்வாது மலைக்குப் போகவேண்டியிருந்தது. ஜோலார்பேட்டை வரையில் ரயில். டிக்கெட் ரிசர்வ் செய்திருந்தேன். காட்பாடி தாண்டியபோது ஒரு கிழவி பெட்டிக்குள் வந்து, எதிர் ஸீட்டின் ஓரத்தில் காலியாக இருந்த இடத்தில் ஒண்டிக்கொண்டாள். அங்கே உட்கார்ந்திருந்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். என்னோடு பிஸ்கட்டைப் பகிர்ந்துகொண்டவர். அவர் கிழவியைப் பார்த்து, "இது ரிசர்வ் பெட்டி, தெரியாதா? நாங்களெல்லாம் காசு கொடுத்து ரிசர்வ் பண்ணியிருக்கிறோம்" என்றார். கிழவி எழுந்து கதவோரம் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அவர் சொன்னது சட்டப்படி சரி. நானும் வாயைத் திறக்கவில்லை. என் இடமும் ரிசர்வ் செய்த இடம்தானே!

வாணியம்பாடி வருவதற்குள் பேச்சு அவருடைய தங்கை மகனுக்குப் போயிற்று. பையன் கெட்டிக்காரன், மெடிக்கல் காலேஜில் இடம் கிடைக்கவில்லை. "எங்கே கிடைக்கும் சார்? எல்லாம் ரிசர்வ், ரிசர்வ் என்று அள்ளிக்கொண்டு போகிறார்கள். மலைஜாதி என்று ஒரு சர்டிபிகேட் இருந்தால் போதும், இந்தக் காலத்தில் ராஜபோகம்!" என்றார்.

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அவருடைய உரிமையாக இருந்த அதே வார்த்தை, இப்போது இன்னொருவன் அடித்த கொள்ளையாகிவிட்டது. நான் போய்க்கொண்டிருந்ததோ, அவர் சொன்ன அந்த ராஜபோகக்காரர்களின் மலைக்கு.

ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூருக்குப் பஸ் ஏறுகிறது. பெரிய டெலஸ்கோப் இருக்கிற காவலூரைத் தாண்டிய பிறகு, திரும்பின பக்கமெல்லாம் காடு. வழிநெடுகப் பலகைகள். 'காப்புக்காடு. அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்' என்ற தோரணையில் எழுதியிருக்கிறது. மறுநாள் ஒரு சிற்றூரில் பெரியவர் ஒருவரோடு சாமைக் கொல்லை வரப்பில் நடந்துகொண்டிருந்தேன். வரப்பு முடிகிற இடத்தில் ஓர் எல்லைக்கல். கல்லுக்கு அப்புறம் ஒரு பலாமரம், அதற்கப்புறம் கடுக்காய் மரங்கள். நான் பாட்டுக்குக் காலை எடுத்துவைத்தேன். பெரியவர் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"அதுக்கு அப்பால போகாதீங்க சார். அது ரிசர்வு."

"யார் செய்தார்கள் ரிசர்வ்?"

"எங்க தாத்தனுக்கு அப்பன் காலத்துல வெள்ளைக்காரன் கல்லு நட்டானாம். அந்தப் பலா எங்க வீட்டுப் பலான்னு சொல்லுவாங்க. இப்ப கல்லுக்கு அந்தாண்ட இருக்குது."

அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை போன வருஷம் பெய்யவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ரயில் நண்பரின் 'ரிசர்வ்', கிழவியை எழுப்பிய 'ரிசர்வ்', பெரியவர் என்னை நிறுத்திய 'ரிசர்வ்' என்று மூன்றும் மாறி மாறி வந்தன. மூன்றும் ஒரே வார்த்தைதான் என்பதை நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்?

யோசிக்காததற்குக் காரணம் நம் மொழிபெயர்ப்பாளர்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள். ரயில் ரிசர்வை 'முன்பதிவு' என்றார்கள். எலெக்‌ஷன் ரிசர்வைத் 'தனித்தொகுதி' என்றார்கள். காலேஜ் ரிசர்வை 'இட ஒதுக்கீடு' என்றார்கள். போலீஸ் ரிசர்வை 'ஆயுதப்படை' என்றார்கள். காட்டு ரிசர்வைக் 'காப்புக்காடு' என்றார்கள். ரிசர்வ் பாங்கைத் தொட மட்டும் துணியவில்லை. பணமாயிற்றே, ரிசர்வ் வங்கி என்று பாதியோடு விட்டுவிட்டார்கள்.

ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல தமிழ்தான். ஆனால் ஒரே தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு வெவ்வேறு இனிஷியல் போட்டு, உறவே இல்லாமல் செய்துவிட்டார்கள். எந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதையும் பாருங்கள். பணம் கொடுத்தவன் வாங்குகிற இடம் 'பதிவு'; அதில் கௌரவம் இருக்கிறது. சர்க்கார் எடுத்துக்கொண்ட காடு 'காப்பு'. அதில் தாயின் அன்பு இருக்கிறது. ஏழைப் பிள்ளைக்குக் கிடைத்த இடம் மட்டும் 'ஒதுக்கீடு'. ஊரைவிட்டு ஒதுக்கிவைப்பது என்று சொல்கிறோமே, அந்த 'ஒதுக்கு'தான் இதுவும். காப்பு என்ற சொல்லுக்கும் இன்னோர் அர்த்தம் உண்டு. கையில் போடுகிற காப்பு. போலீஸார் மாட்டுகிறதையும் காப்பு என்றுதான் சொல்கிறோம். சொல்லை உண்டாக்கினவர்கள் இதை நினைத்திருக்கமாட்டார்கள். ஆனால் மலைக்காரனுக்கு அந்த அர்த்தம் தெரியும்.

சரி, இந்தக் காட்டு ரிசர்வ் எப்படி வந்தது?

1871ஆம் வருஷத்தில் சென்னை ரெவினியூ போர்டார் காடுகளைப் பற்றி ஓர் அபிப்பிராயம் எழுதினார்கள். அவர்கள் வெள்ளைக்காரச் சர்க்காரின் சொந்த உத்தியோகஸ்தர்கள். மலைக்காரனுக்கு மாமன் மைத்துனர்கள் அல்ல. இந்த மாகாணத்தில் ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் அடங்காத காடு என்று அநேகமாக ஒன்றும் இல்லை என்றார்கள். தேக்கு, சந்தனம், ஏலக்காய் போன்றவற்றுக்கு வரி கேட்டதைத் தவிர, காடே தன்னுடையது என்று ராஜ்யம் உரிமை கொண்டாடியதாகத் தங்களுக்குத் தெரியவில்லை என்ற கருத்தையும் சொன்னார்கள். இப்படிச் சொன்ன பதினோராவது வருஷம், 1882இல், சென்னை வனச் சட்டம் வந்துவிட்டது. இன்றைக்கும் 'தமிழ்நாடு' என்று பெயர் மாற்றிக்கொண்டு அமலில் இருப்பது அந்தச் சட்டம்தான்.

அந்தச் சட்டப்படி ஒரு காட்டை ரிசர்வ் ஆக்குகிற விதம் இது. இன்ன இடத்தை ரிசர்வ் செய்ய உத்தேசம் என்று முதலில் ஓர் அறிவிப்பு. பிறகு அதற்கென்று ஓர் அதிகாரி. அந்த நிலத்தில் வழி, மேய்ச்சல், விளைச்சல் என்று எந்த உரிமை இருந்தாலும் அவரிடம் வந்து சொல்லவேண்டும். அதற்கு ஒரு கெடு. மூன்று மாதத்துக்குக் குறையக் கூடாது என்கிறது சட்டம். அறிவிப்பு ஜில்லா கெஜட்டில் வெளியான நாளிலிருந்து கணக்கு. போதிய காரணம் காட்டினாலொழிய, கெடுவுக்குள் கேட்காத உரிமை அற்றுப்போகும்.

ஜில்லா கெஜட்! சாமை அறுத்துத் தேனெடுத்துக்கொண்டிருந்த மனிதன், மலையிலிருந்து இறங்கி, எழுதவும் படிக்கவும் தெரியாத நிலையில், 'இந்தப் பலாமரம் என் பாட்டன் வைத்தது' என்று ஒரு துரைக்கு ருசுப்பண்ண வேண்டும். ருசுப்பண்ணினவர்களும் உண்டு, அவர்களுடைய ஊர்களும் கொல்லைகளும் ரிசர்வுக்கு நடுவே தீவுகள் மாதிரி இன்றும் இருக்கின்றன. மற்றதெல்லாம் கல்லுக்கு அந்தாண்டை போயிற்று.

நூற்றிருபத்துநான்கு வருஷம் கழித்து, 2006இல், பார்லிமெண்டு வன உரிமைச் சட்டத்தை இயற்றியது. வனவாசிகளுக்குச் சரித்திர பூர்வமான அநீதி நடந்திருக்கிறது என்று அந்தச் சட்டமே தன் முகப்பில் ஒப்புக்கொள்கிறது. 2005 டிசம்பர் 13ஆம் தேதிக்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் இருந்து பயிர் செய்கிற பழங்குடிக் குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர் வரையில் உரிமை. ஊராருக்குக் காட்டுப்பொருள் சேகரிக்கிற பொது உரிமை. நல்ல சட்டம். ஆனால் தமிழ்நாட்டில் 2008இல் உயர் நீதிமன்றத்தில் பிறந்த ஓர் இடைக்கால உத்தரவினால் பட்டயம் வழங்குவது நின்றுபோயிற்று. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகுதான் வழி திறந்தது. 2019 பிப்ரவரியிலோ, விண்ணப்பம் தள்ளுபடியானவர்களைக் காட்டிலிருந்து வெளியேற்றும்படி அதே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, தேசமெங்கும் லட்சக்கணக்கான குடும்பங்கள் கதிகலங்கின. இரண்டு வாரத்தில் அதையே நிறுத்திவைத்தது.

எடுத்துக்கொள்வதற்குக் கெடு மூன்று மாதம். திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைப்பதற்கு நூற்றிருபத்துநான்கு வருஷம். நினைத்ததைச் செய்வதற்குத் தமிழ்நாட்டில் இன்னும் பத்து வருஷம். இதுதான் முதல் ரிசர்வின் கதை.

இரண்டாவது ரிசர்வின் கணக்கையும் போட்டுவிடுவோம். நம் ரயில் நண்பர் கண்ணை உறுத்துகிற கணக்கு அதுதானே.

2011ஆம் வருஷத்துக் குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர், நூற்றுக்கு 1.1. அவர்களில் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஜவ்வாது மலையிலும், ஏற்காட்டிலும், கொல்லி மலையிலும், கல்வராயன் மலையிலும் இன்னும் பல மலைகளிலும் இருக்கிற மலையாளிகள். (கேரளத்து மலையாளி அல்ல, மலையை ஆள்கிறவன் என்று பெயர். ஆள்கிற லட்சணத்தைத்தான் பார்த்தோம்.) இவ்வளவு பேருக்கும் சேர்த்து மாநிலக் கல்லூரிகளிலும் உத்தியோகத்திலும் ரிசர்வ் நூற்றுக்கு ஒன்று. அந்த ஒன்றும் 1990 வரையில் தனியாகக் கிடையாது. தாழ்த்தப்பட்டோருக்கான பதினெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டசபையில் 234 இடங்களில் பழங்குடிக்கு இரண்டு: ஏற்காடும் சேந்தமங்கலமும். 2008 தொகுதிச் சீரமைப்புக்கு முன்னால் உப்பிலியபுரத்தையும் சேர்த்து மூன்றாக இருந்தது. ஜவ்வாது மலைக்கு அப்படி ஒரு தொகுதி கிடையாது. பார்லிமெண்டுக்குத் தமிழ்நாட்டிலிருந்து போகிற 39 இடங்களில் பழங்குடிக்கு ஒன்றுமே இல்லை.

அந்தச் சர்டிபிகேட்டாவது சுலபமா? மலையாளி என்ற ஜாதி எந்தெந்த ஜில்லாவில் பழங்குடி என்று பட்டியலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சி. ஈரோடு அதில் இல்லை. ஆகவே பர்கூர் மலையில் இருக்கிற மலையாளி, அதே பேச்சும் அதே தெய்வமும் உள்ளவனாக இருந்தும், பழங்குடியல்ல என்று ஆகி, பல காலமாக மனுப் போட்டு வந்திருக்கிறான். ஜில்லாக்களின் கோடுகளை வரைந்தவன் மலைக்காரன் அல்ல. கோட்டுக்கு எந்தப் பக்கம் பிறந்தோம் என்பதற்குத் தண்டனை மட்டும் அவனுக்கு.

இப்போது இன்னொரு கணக்கு. தமிழ்நாட்டின் பரப்பு 1,30,060 சதுர கிலோமீட்டர். அதில் ரிசர்வ் காடு ஏறத்தாழ 20,000. நூற்றுக்குப் பதினைந்து! அவ்வளவும் பழங்குடியினர் கையிலிருந்து பிடுங்கியது என்று நான் சொல்லவில்லை. சமவெளிக் கிராமத்தார் மாடு மேய்த்த காடுகளும் அதில் உண்டு. ஆனால் மலைகளின் பெரும்பங்கு அதற்குள்தான் இருக்கிறது. நூற்றுக்குப் பதினைந்து ரிசர்வானபோது யாரும் ரயிலில் பேசவில்லை. நூற்றுக்கு ஒன்று ரிசர்வானதும் ராஜபோகம் என்கிறோம்.

வன இலாகாவில் எனக்குச் சிநேகிதர் ஒருவர் உண்டு. யோக்கியர், காட்டை நேசிப்பவர். இதையெல்லாம் அவரிடம் சொன்னபோது, "ரிசர்வ் என்று ஒன்று இல்லாவிட்டால் இந்தக் காடு உங்கள் காண்டிராக்டர்களின் வயிற்றில் என்றைக்கோ போயிருக்கும். உங்களுக்குப் பாலாறும் செய்யாறும் வேண்டாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இன்று மிஞ்சியிருக்கிற மரங்களில் பலவற்றை அந்தக் கல்தான் காப்பாற்றியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கல்லை நட்டபோது நட்டவர்களின் நோக்கம் ஆறுகள் மட்டுமல்ல. அந்த நாளில் ரயில் எஞ்சின்களுக்கு விறகு சேர்ப்பது சென்னை வன இலாகாவின் பெரிய வேலைகளில் ஒன்று. பின்னாளில் மலையின் சந்தனம் திருப்பத்தூர் சர்க்கார் கிடங்குக்குப் போய் ஏலமாயிற்று. தன் பட்டா நிலத்தில் தானே முளைத்த சந்தன மரத்தைக்கூட, இலாகாவைக் கேட்காமல் ஒருவன் வெட்ட முடியாது என்றிருந்தது. காடு காப்பாற்றப்பட்டது வாஸ்தவம்; விற்பதற்காகவும் காப்பாற்றப்பட்டது. வாங்குகிறவர்கள் கீழே இருந்தார்கள். வெட்டுகிற கூலி மட்டும் மேலே.

அந்தக் கூலி எங்கே போய் முடிந்தது என்பதையும் சொல்லவேண்டும். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவில், திருப்பதிக்கு அருகே சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள், ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். செம்மரம் கடத்துவது நல்ல காரியம் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் தன் மலையில் மரத்தைத் தொட்டால் குற்றவாளி என்றாகி, கையில் கோடரித் திறமையைத் தவிர வேறு எதையும் மிச்சம் வைக்காத ஒருவனை, இன்னொரு மாநிலத்துக் காட்டுக்கு ஏஜெண்டுகள் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அங்கே அவனுக்கென்று ரிசர்வ் ஆகியிருந்தது துப்பாக்கிக் குண்டு ஒன்றுதான். ஏஜெண்டுக்கும் அவனுக்கு மேலே இருந்த முதலாளிக்கும் அன்று ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் எந்தக் காட்டுக்குள்ளும் போகிறவர்கள் அல்ல.

நான் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படித்தது தமிழ் இலக்கணம் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு இந்த வார்த்தையைப் பார்க்கிறேன். 'ரிசர்வ்' லத்தீனிலிருந்து வந்ததாம். பின்னுக்கு எடுத்து வைத்துக் காப்பது என்று பொருளாம். இருக்கட்டும். ஒன்றை எடுத்துவைத்தால் அது யாருக்கு என்று ஒரு கேள்வி. யாரிடமிருந்து என்று இன்னொரு கேள்வி. 'யாருக்கு' என்பது நான்காம் வேற்றுமை. நன்னூலார் அதன் பொருள்களை அடுக்கும்போது முதலில் வைப்பது கொடை. 'யாரிடமிருந்து' என்பது ஐந்தாம் வேற்றுமை. அதற்கு அவர் முதலில் வைக்கிற பொருள் நீங்கல்.

இங்கிலீஷ்காரன் 'ரிசர்வ்' என்று மட்டும் சொல்லிவிட்டு, இரண்டு உருபுகளையும் விழுங்கிவிட்டான். நாமும் அப்படியே விழுங்கக் கற்றுக்கொண்டோம். கல்லூரியில் ரிசர்வ் என்றால் நமக்கு நான்காம் வேற்றுமை மட்டும் காதில் விழுகிறது: மலைக்காரனுக்குக் கொடை. காட்டில் ரிசர்வ் என்றால் ஐந்தாம் வேற்றுமை காதில் விழுவதே இல்லை: மலைக்காரனிடமிருந்து நீங்கல். இரண்டையும் சேர்த்துக் கேட்டால், முதலாவது கொடையே அல்ல, இரண்டாவதற்குப் பாக்கி என்று விளங்கும். ஒருவன் தோட்டத்தை எடுத்துக்கொண்டு, அவன் பேரனுக்கு ஒரு பழத்தைக் கொடுத்துவிட்டு, 'என்ன ராஜபோகம் பார்த்தீர்களா!' என்று ரயிலில் பேசுகிறோம்.

இட ஒதுக்கீட்டை எதிர்த்துப் பேசுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பேசுங்கள், பேச உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ரிசர்வே கூடாது என்றால் எல்லா ரிசர்வையும் சேர்த்துச் சொல்லுங்கள். கல்லையும் பிடுங்கிவிடலாம், சீட்டையும் விட்டுவிடலாம் என்று மலையாளியிடம் ஒரு பேரம் பேசிப் பாருங்கள். அவன் என்ன சொல்வானோ எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பேரத்தைப் பேச உங்களுக்குத் துணிவு வராது என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் மலையிலிருந்து வருகிற தண்ணீரும், மரமும், கோடை விடுமுறைக் காற்றும் உங்களுக்கு ரிசர்வ் ஆகித்தான் இருக்கின்றன. அதற்கு நீங்கள் சர்டிபிகேட் காட்டவேண்டியதில்லை.

சர்க்காருக்கும் ஒரு வேண்டுகோள். வன உரிமைச் சட்டம் சொல்கிறபடி ஊரின் பொது உரிமையை ஊருக்குக் கொடுங்கள். கல்லுக்கு அந்தாண்டையுள்ள கடுக்காயையும் தேனையும் எடுக்க வருகிறவனைத் திருடன் மாதிரி நடத்தாதீர்கள். காட்டைக் காப்பதில் அவனையும் பங்காளியாக்குங்கள். அதுவரையில் அந்தப் பலகையையாவது இலக்கணச் சுத்தமாக எழுதுங்கள். 'காப்புக்காடு' என்று மொட்டையாக நிற்கிறதே, யாருக்குக் காப்பு, யாரிடமிருந்து காப்பு என்று இரண்டு உருபுகளைச் சேர்க்க எவ்வளவு பெயிண்ட் செலவாகிவிடும்?

திரும்புகிற அன்று பெரியவர் ஒரு பையில் இரண்டு படி சாமையைக் கட்டிக் கொடுத்தார். "பலாப்பழம் குடுக்கலாம்னு பார்த்தேன்; அது அந்தாண்ட இருக்குது" என்றார். பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. டிரைவருக்குப் பின்னால் இருந்த இரண்டு இடத்தில் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். யாருக்கு என்று கேட்டேன்.

"ரிசர்வ் சார்" என்றார் கண்டக்டர்.

நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் நின்றுகொண்டே மலையிறங்கினேன்.